ஹைப்பர்தைரொயிட் நோயாளிக்கு நர்சிங் டயக்னோசிஸ்: 'ரிலேட்டட் டு' என்ற இடத்தில் என்ன எழுதுவது?

மாணவத்தாதி_மலையகம் கேட்டது:

அக்காமார், அண்ணாமார் எல்லோருக்கும் வணக்கம். நான் இரண்டாம் வருட மாணவத் தாதி. இப்போது பெண்கள் மெடிக்கல் வாட்டில் பயிற்சி. கெயார் பிளானுக்கு (தாதிப் பராமரிப்புத் திட்டம்) எடுத்திருப்பது 42 வயது அம்மா ஒருவரை, தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். பெயர், தோட்டம், வைத்தியசாலை எதையும் எழுதவில்லை, எண்களையும் சாடையாக மாற்றியிருக்கிறேன். கிரேவ்ஸ் நோய் (தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் ஹைப்பர்தைரொயிடிசத்தில் ஒரு வகை) என்று இந்தத் தடவைதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சேர்த்த அன்று நான் எடுத்த விபரம்: படுத்திருக்கும்போது நாடித்துடிப்பு 124, ஒழுங்காக அடிக்கிறது. பிரஷர் 146/68. சுவாசம் 22. உடல் வெப்பம் 37.6 பாகை. உயரம் 152 சென்றிமீற்றர், எடை 42 கிலோ. நாலு மாதத்துக்கு முந்திய கிளினிக் கொப்பியில் 50 கிலோ என்று இருக்கிறது. பசி நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறார், ஆனாலும் மெலிகிறார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை இளக்கமாக மலம் போகிறது. கை நீட்டச் சொன்னால் விரல் நடுங்குகிறது. இரவில் மூன்று மணித்தியாலம்தான் தூக்கம். கண் இரண்டும் முன்தள்ளியிருக்கிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதாம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் ஸ்வெட்டர் போட்டு இரண்டு கம்பளி போர்த்தியிருக்க, இவர் கம்பளியை மடித்துக் காலடியில் வைத்திருக்கிறார், தலையணை உறை வியர்வையில் நனைந்திருக்கிறது. குருதியில் டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) 0.01க்கும் கீழே, ஃப்ரீ டி4 (தைரொயிட் ஹோர்மோன்) கூடியிருக்கிறது. ஹோர்மோன் உருவாவதைத் தடுக்கக் கார்பிமசோல் நாளைக்கு 30 மில்லிகிராம், படபடப்பைத் தணிக்கப் புரோப்ரனலோல் 40 மில்லிகிராம் மூன்று வேளை எழுதியிருக்கிறார்கள்.

நான் எழுதிய நர்சிங் டயக்னோசிஸ்கள் இவை ('ரிலேட்டட் டு' என்ற இடத்தில் காரணம், 'ஏஸ் எவிடன்ஸ்ட் பை' என்ற இடத்தில் ஆதாரம்):

1. ஊட்டச்சத்துச் சமநிலையின்மை, ரிலேட்டட் டு ஹைப்பர்தைரொயிடிசம், ஏஸ் எவிடன்ஸ்ட் பை டி.எஸ்.எச். குறைவு.
2. இதய வெளியேற்றம் குறைவு, ரிலேட்டட் டு கிரேவ்ஸ் நோய், ஏஸ் எவிடன்ஸ்ட் பை நாடித்துடிப்பு 124.
3. ஹைப்பர்தேர்மியா (உடல் வெப்பம் அளவுக்கு மீறி ஏறுதல்).
4. தைரொயிட் ஸ்டோர்ம் (நோய் திடீரென உக்கிரமாகி உயிருக்கு ஆபத்தாகும் நிலை) வரும் அபாயம்.
5. உடல் தோற்றம் பற்றிய மனக்குறை, கண் முன்தள்ளியிருப்பதால்.

டியூட்டர் மிஸ் ஐந்தையும் வட்டம் போட்டு 'மீண்டும் எழுதவும்' என்று திருப்பித் தந்துவிட்டார். எங்கே பிழை? எதை முதலில் போடுவது? வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

---

தாதி_ஹட்டன்:

தங்கச்சி, விபரம் நன்றாக எடுத்திருக்கிறீர்கள். கம்பளியை மடித்துக் காலடியில் வைத்திருக்கிறார் என்ற ஒரு வரி எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. ஆனால் எடுத்த விபரத்தில் பாதிகூட டயக்னோசிஸுக்குள் போகவில்லை, அதுதான் பிழை.

முதலில் 'ரிலேட்டட் டு'. அந்த இடத்தில் வைத்தியரின் நோயறிதலை எழுதாதீர்கள். 'ஹைப்பர்தைரொயிடிசம்' என்று எழுதினால் அதை மாற்றத் தாதியால் முடியாது, அது கார்பிமசோலின் வேலை. தாதி கை வைக்கக்கூடிய காரணத்தைத்தான் அங்கே எழுத வேண்டும். இந்த அம்மாவுக்கு வளர்சிதைமாற்ற வேகம் கூடிவிட்டது, அதனால் எரியும் சக்தி சாப்பிடும் சக்தியை விட அதிகம். குடல் அசைவும் கூடி, உறிஞ்ச நேரமில்லாமல் சாப்பாடு கடந்து போகிறது. இந்த இரண்டையும் காரணமாக எழுதினால், எத்தனை வேளை, என்ன சாப்பாடு, எதைத் தவிர்ப்பது என்ற உங்கள் திட்டம் தானாகவே அதிலிருந்து வரும். காரணத்துக்கும் செயலுக்கும் தொடர்பு இல்லாத கெயார் பிளானை டியூட்டர்மார் ஒரு பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்.

அடுத்தது ஆதாரம். டி.எஸ்.எச். குறைவு என்பது கிரேவ்ஸ் நோய்க்கு ஆதாரம், ஊட்டச்சத்துக் குறைவுக்கு அல்ல. ஊட்டச்சத்துக்கு ஆதாரம் உங்களிடமே இருக்கிறது: நாலு மாதத்தில் 8 கிலோ, அதாவது முந்திய எடையில் 16 வீதம் இறக்கம். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைச் சுட்டெண்) கணக்குப் பார்த்தால் 18.2, சாதாரண எல்லையான 18.5க்குக் கீழே. பசி இருந்தும் எடை இறங்குகிறது, நாளைக்கு ஐந்து தடவை இளக்கமான மலம். இவ்வளவும் கையில் இருக்க டி.எஸ்.எச். எதற்கு?

இப்படி எழுதிப் பாருங்கள்:

'உடல் தேவைக்குக் குறைவான ஊட்டச்சத்து. வளர்சிதைமாற்ற வேகம் கூடியதாலும் குடல் அசைவு கூடியதாலும். ஆதாரம்: நான்கு மாதத்தில் 50 கிலோவிலிருந்து 42 கிலோவாக எடை இறங்கியமை, பி.எம்.ஐ. 18.2, நாளைக்கு ஐந்து தடவை இளக்கமான மலம், "நல்லாத்தான் சாப்பிடுறேன், உடம்புல ஒட்டமாட்டேங்குது" என்ற நோயாளியின் கூற்று.'

நோயாளி சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே போடுங்கள். மேலே நான் போட்டது மாதிரிக்கு மட்டும்தான், உங்கள் அம்மா என்ன சொன்னாரோ அதைப் போடுங்கள்.

மூன்றாவது, ஹைப்பர்தேர்மியா. 37.6 பாகையை வைத்து அதை எழுத முடியாது. இவருக்கு இருப்பது சூட்டைத் தாங்க முடியாமை, வியர்வை. அதை 'அசௌகரியம், உடல் வெப்ப உற்பத்தி கூடியதால், ஆதாரம்: குளிர் இரவிலும் போர்வை விலக்குதல், தலையணை உறை நனைதல், "எரியுது" என்று கூறுதல்' என்று எழுதலாம். வெப்பம் உண்மையிலேயே ஏறினால் அன்று ஹைப்பர்தேர்மியா எழுதுங்கள்.

நாலாவதை வேறு யாராவது விரிவாகச் சொல்லட்டும். சுருக்கமாக, தைரொயிட் ஸ்டோர்ம் நர்சிங் டயக்னோசிஸ் இல்லை.

---

இரவுக்கடமை:

இரண்டாவது டயக்னோசிஸைப் பற்றி. இங்கேதான் அநேகமான மாணவர்கள் வழுக்குகிறார்கள், சில கையேடுகளே பிழையாகப் போட்டிருக்கின்றன.

தைரொயிட் ஹோர்மோன் கூடினால் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு முதலில் கூடுகிறது, குறைவதில்லை. துடிப்பும் வேகம், ஒவ்வொரு துடிப்பும் பலமாக இருக்கும், குருதிக் குழாய்கள் விரிந்திருக்கும். உங்கள் நோயாளியின் பிரஷரைப் பாருங்கள்: மேலே 146, கீழே 68, இடைவெளி 78. இது கூடிய வெளியேற்றத்தின் அடையாளம். ஆகவே 'இதய வெளியேற்றம் குறைவு' என்று நடந்துவிட்டது போல எழுத ஆதாரம் இல்லை. கால் வீக்கம், நுரையீரலின் அடியில் கறகறப்பு, கழுத்து நாளம் புடைத்தல், சிறுநீர் குறைதல், படுத்தால் மூச்சு முட்டுதல், இவற்றில் ஏதாவது இருந்தால்தான் எழுதலாம்.

எழுத வேண்டியது 'இதய வெளியேற்றம் குறையும் அபாயம்'. துடிப்பு இவ்வளவு வேகமாக நீடித்தால் இரண்டு துடிப்புக்கு இடையில் இதயம் நிரம்பும் நேரம் சுருங்குகிறது. இதயத் தசைக்கே குருதி போய்ச்சேருவதும் அந்த இடைவெளியில்தான். ஒரு பக்கம் தேவை கூடுகிறது, மறுபக்கம் வரத்துக் குறைகிறது. அதற்கு மேல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) வந்தால் வெளியேற்றம் சட்டென்று விழும். அபாய டயக்னோசிஸுக்கு 'ஏஸ் எவிடன்ஸ்ட் பை' என்று அறிகுறிகள் போட வேண்டாம், அபாயக் காரணிகளை மட்டும் போடுங்கள்: ஓய்விலும் 124 துடிப்பு, கூடிய வளர்சிதைமாற்றம், வயிற்றோட்டத்தாலும் வியர்வையாலும் திரவ இழப்பு.

நாடி எண்ணும் விதத்தையும் திட்டத்தில் எழுதுங்கள். 'வைட்டல் சைன் பார்த்தல்' என்று மட்டும் எழுதினால் அது திட்டமே இல்லை. எத்தனை மணிக்கு ஒருமுறை, எப்படி, எந்த எண்ணில் யாருக்கு அறிவிப்பது, மூன்றும் வேண்டும். உதாரணமாக: நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இதய உச்சியில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுதல். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கக் கூடாது, ஒழுங்கற்ற துடிப்பு அதில் தப்பிவிடும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் உச்சியிலும் மற்றவர் மணிக்கட்டிலும் ஒரே நிமிடத்தில் எண்ணுங்கள். மணிக்கட்டில் குறைவாக வந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைச் சந்தேகித்து உடனே ஈ.சி.ஜி. கேளுங்கள்.

இன்னொன்று, தூங்கும்போது ஒரு தடவை எண்ணிக் குறியுங்கள். பயத்தாலும் பதற்றத்தாலும் வந்த வேகம் என்றால் தூக்கத்தில் இறங்கிவிடும். தைரொயிட் வேகம் தூக்கத்திலும் சாதாரண நிலைக்கு இறங்காது. இவர் எப்போதும் மூன்று மணித்தியாலம்தான் தூங்குகிறார் என்பதால் அந்த நேரத்தில் எழுப்பிவிடாமல் மெதுவாகப் பாருங்கள்.

புரோப்ரனலோல் ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் முன் நாடியும் பிரஷரும். நாடி 60க்குக் கீழே, அல்லது மேல் பிரஷர் 100க்குக் கீழே போயிருந்தால் குளிசையைக் கொடுக்காமல் வைத்தியரிடம் கேளுங்கள் (வாட்டில் வேறு எல்லை எழுதியிருந்தால் அதுதான் சட்டம்). முட்டு, ஆஸ்துமா இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நோயாளி 'முட்டு' என்று சொல்லாமல் 'இளைப்பு' என்பார், 'குளிர் காலத்துல நெஞ்சு கட்டும்' என்பார். எல்லா வார்த்தையிலும் கேளுங்கள்.

வரிசை என்று கேட்டால்: இதயம் முதலாவது, ஊட்டச்சத்து இரண்டாவது, கண் மூன்றாவது, பிறகு தூக்கமும் செயற்பாடும். உடல் தோற்றம் பற்றியதை, அந்த அம்மா தானாகக் கண்ணாடியைத் தவிர்த்தாலோ முந்தானையால் முகத்தை மறைத்தாலோ அல்லது வாயால் சொன்னாலோ எழுதுங்கள். கண் முன்தள்ளியிருப்பதைப் பார்த்தவுடன் நாமாகவே அவருக்கு மனக்குறை என்று எழுதுவது நியாயமில்லை.

---

கொழுந்துக்கூடை:

வரிசையில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. தூக்கமும் செயற்பாடும் கடைசி என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் விழுகிற அபாயம் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. தைரொயிட் கூடியவர்களுக்கு தொடை, இடுப்புத் தசைகள் பலவீனமாகும். வாட்டில் குந்தும் மலசலகூடம் என்றால் குந்தியவர் எழும்பச் சிரமப்படுவார். நாளைக்கு ஐந்து தடவை அங்கே போகிறார், இரவிலும் போவார். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பச் சொல்லிப் பாருங்கள், முடியவில்லை என்றால் அதுவே ஆதாரம். மலசலகூடம் வரை நடந்து வந்தவுடன் நாடி எவ்வளவு, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் என்று எடுத்து அதையும் எழுதுங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு குறிப்பு. நர்சிங் டயக்னோசிஸ் பெயர்களை வகுக்கும் அமைப்பான நான்டாவின் 2021–2023 பதிப்பிலிருந்து பழைய 'செயற்பாட்டைத் தாங்க இயலாமை' போய் 'செயற்பாட்டுத் தாங்குதிறன் குறைவு' என்று வந்திருக்கிறது. உங்கள் பாடசாலை எந்தப் பதிப்பைப் பாவிக்கிறது என்று பார்த்து அந்தப் பெயரையே முழுக்கப் பாவியுங்கள். ஒரே கெயார் பிளானில் பழையதும் புதியதும் கலந்தால் அதற்கே புள்ளி வெட்டுவார்கள்.

இப்போது சாப்பாடு. பாடநூல்களில் நாளைக்கு 4000 முதல் 5000 கலோரி என்று இருக்கும். 42 கிலோ அம்மாவுக்கு வைத்தியசாலைச் சாப்பாட்டில் அதை இலக்காக எழுதினால் எட்டவே மாட்டீர்கள். முதல் இலக்கு இறக்கத்தை நிறுத்துவது. புரதம் உகந்த எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். இந்த உயரத்துக்கு உகந்த எடையை 50 கிலோ என்று வைத்தால் 50 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அளவு என்று விளங்கும். மூன்று வேளைச் சோற்றில் வராது, ஆறு வேளையாகப் பிரிக்க வேண்டும்: காலைச் சாப்பாடு, பத்து மணிக்கு அவித்த முட்டை அல்லது பால், மத்தியானம் சோறு பருப்பு மீன், நாலு மணிக்கு அவித்த பயறு, இராச் சாப்பாடு, படுக்கும் முன் பால். வீட்டிலிருந்து வருபவர்களிடம் வெறும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் கொண்டுவர வேண்டாம், ரொட்டிக்குள் முட்டை போட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் செய்வார்கள். செலவு கூடிய யோசனை எதுவும் சொல்லாதீர்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள்.

வயிற்றோட்டம் அடங்கும்வரை கட்டச் சம்பல், ஊறுகாய், பச்சைக் கீரைச் சம்பல் வேண்டாம். உறைப்பும் நாரும் குடலை இன்னும் விரட்டும். அடுத்தது தேத்தண்ணி. மலையகத்தில் இதை விட்டுவிட்டு எழுதும் எந்தக் கெயார் பிளானும் முழுமையாகாது. காலையில் வெறுந்தேத்தண்ணி, மலையில் ஒரு போத்தல், பின்னேரம் திரும்ப என்று பழகியவர் இவர். கஃபீன் படபடப்பையும் நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் கூட்டும். முற்றாக நிறுத்தச் சொன்னால் தலையிடி வரும், கேட்கவும் மாட்டார். சாயத்தைக் குறைத்துப் பால் கூட்டி நாளைக்கு இரண்டு, அதுவும் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு இல்லை என்று எழுதினால் நடக்கும்.

குடும்பத்தினர் நிச்சயம் கேட்கும் இரண்டு கேள்விக்குப் பதிலை இப்போதே தயார் பண்ணுங்கள். ஒன்று, 'கழுத்து வீங்கியிருக்கே, அயடீன் உப்பு கூடப் போடவா?' கண்டக்கழலை என்றாலே அயடீன் குறைவு என்று பாடசாலையில் படித்தது மனதில் நிற்கிறது. இது அந்த வகை இல்லை. வீட்டில் பாவிக்கும் உப்பை அப்படியே பாவிக்கலாம், கூட்டத் தேவையில்லை. அயடீன் சேர்த்த சத்துக் குளிசைகளும் கடற்பாசியும் வேண்டாம். மற்றது, 'கோவா, நோக்கோல் சாப்பிடலாமா?' சமைத்து வழமையான அளவில் சாப்பிடலாம். தோட்டத்தில் மலிவாகக் கிடைக்கும் மரக்கறியை வீணாகத் தடுக்காதீர்கள்.

எடை நிறுக்கும் விதம்: தினமும் காலையில், சலம் போன பிறகு, சாப்பிட முன், ஒரே தராசில், ஒரே மாதிரி உடுப்பில். ஒரு நாள் ஸ்வெட்டரோடும் மறுநாள் இல்லாமலும் நிறுத்தால் அரைக் கிலோ பிழை வரும்.

---

மாணவத்தாதி_மலையகம்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. கதிரையிலிருந்து எழும்பச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு கையும் ஊன்றித்தான் எழும்புகிறார். நடந்து வந்ததும் நாடி 148, திரும்ப ஆறு நிமிடம் எடுத்தது. தூங்கும்போது நாடி 112. முட்டு இல்லை, இளைப்பும் இல்லை. கால் வீக்கமும் இல்லை.

மாற்றி எழுதியது:

'இதய வெளியேற்றம் குறையும் அபாயம். அபாயக் காரணிகள்: ஓய்விலும் தூக்கத்திலும் கூடிய நாடித்துடிப்பு, வளர்சிதைமாற்ற வேகம் கூடியமை, வயிற்றோட்டத்தாலும் வியர்வையாலும் திரவ இழப்பு. இலக்கு: நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்புப் பார்க்கப்படும்.'

'செயற்பாட்டுத் தாங்குதிறன் குறைவு; தேவைக்கும் ஒட்சிசன் வழங்கலுக்கும் சமநிலை இல்லாமையாலும் தசைப் பலவீனத்தாலும்; ஆதாரம்: நடந்த பின் நாடி 124இலிருந்து 148, மீள ஆறு நிமிடம், கை ஊன்றாமல் எழும்ப முடியாமை. இலக்கு: நோயாளி நன்றாக நடப்பார்.'

கண்ணுக்கும் ஸ்டோர்முக்கும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இமை முழுதாக மூடுகிறதா என்று இரவில் பார்த்தேன், இடது கண்ணில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது.

---

தாதி_ஹட்டன்:

டயக்னோசிஸ் இரண்டும் இப்போது சரி. இலக்குகள் இரண்டும் பிழை. 'நாடித்துடிப்புப் பார்க்கப்படும்' என்பது நீங்கள் செய்வது. இலக்கு என்பது நோயாளியிடம் காணப்போவது: '48 மணித்தியாலத்துக்குள் ஓய்வில் நாடித்துடிப்பு 100க்குக் கீழே, ஒழுங்காக இருக்கும், மூச்சு முட்டலோ கால் வீக்கமோ இருக்காது.' 80 என்று எழுதாதீர்கள். புரோப்ரனலோல் சில நாட்களிலேயே வேகத்தைத் தணிக்கும், ஆனால் கார்பிமசோல் புதிய ஹோர்மோன் உருவாவதைத்தான் தடுக்கிறது. சுரப்பியில் ஏற்கனவே சேர்ந்திருப்பது தீர நாலு முதல் எட்டுக் கிழமை வரை ஆகும். அந்தக் காலத்துக்குள் எட்டக்கூடியதைத்தான் இலக்காக எழுத வேண்டும்.

'நன்றாக நடப்பார்' என்பதை அளக்க முடியாது. 'மூன்றாம் நாளில் மலசலகூடம் வரை துணையோடு நடந்து வந்து மூன்று நிமிடத்துக்குள் நாடி ஓய்வு நிலைக்குத் திரும்பும். தங்கியிருக்கும் காலத்தில் விழமாட்டார்.' செயலாக: இரவில் கட்டிலுக்கருகே கொமோட், கட்டிலை மலசலகூடத்துக்குக் கிட்ட மாற்றக் கேட்டல், வேலைகளைச் சேர்த்துச் செய்து இடையில் தொடர்ந்து ஒன்றரை மணித்தியாலமாவது ஓய்வு விடுதல்.

---

இரவுக்கடமை:

அந்த வெள்ளைக் கோடு முக்கியமானது. அதையே ஆதாரமாக வைத்து கண்ணை எழுதுங்கள், ஆனால் அபாய டயக்னோசிஸாக: 'விழிவெண்படலம் காயப்படும் அபாயம், அபாயக் காரணிகள்: விழி முன்தள்ளல், தூக்கத்தில் இடது இமை முழுதாக மூடாமை, கண் உலர்வு.' பகலில் வைத்தியர் எழுதிய செயற்கைக் கண்ணீர்த் துளி. இரவில் படுக்கும் முன் களிம்பு, தலைமாட்டை உயர்த்துதல், வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி.

இமையை டேப் போட்டு மூடச் சொல்லி எழுதியிருந்தால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். கையைக் கழுவி, முதலில் களிம்பை இடுங்கள். மேல் இமையை மெதுவாகக் கீழே இழுத்து முழுதாக மூடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அதன் பிறகுதான் ஒட்டும் டேப். இமை திறந்திருக்க மேலே துணியை வைத்து ஒட்டினால் துணி இரவு முழுக்க விழிவெண்படலத்தில் உரசும், நாம் தடுக்கப்போன காயத்தை நாமே செய்ததாகிவிடும். கண் வலி, பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல், நிறம் வெளிறித் தெரிதல், இவற்றில் எதைச் சொன்னாலும் காலை ரவுண்ட் வரை காத்திருக்காமல் அறிவியுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது லயத்து அடுப்புப் புகையைப் பற்றியும் பேசுங்கள். விறகு ஊதும் வேலையைச் சில கிழமைக்கு வேறு யாராவது செய்யட்டும். வீட்டில் பீடி, சிகரெட் புகைப்பவர் இருந்தால் அவரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள், புகையிலைப் புகை இந்தக் கண் நோயை மோசமாக்கும்.

ஸ்டோர்ம். இதைத் தாதி மட்டும் தடுத்துத் தீர்க்க முடியாது, வைத்தியரின் கட்டளையும் மருந்தும் வேண்டும். அதனால் தாதியியல் நூலாசிரியர் கார்பெனிட்டோ வகுத்த முறையில் 'கூட்டுப் பிரச்சினை' என்று தனியாக எழுதுவார்கள்: 'வரக்கூடிய சிக்கல்: தைரொயிட் ஸ்டோர்ம்.' அதற்கு நோயாளி இலக்கு எழுதத் தேவையில்லை, தாதி எதைக் கவனித்து எப்போது அறிவிப்பார் என்பது போதும். வெப்பம் 38.5 பாகைக்கு மேல், நாடி 140க்கு மேல், குழப்பம் அல்லது அளவுக்கு மீறிய கிளர்ச்சி, வாந்தி, வயிற்றோட்டம் திடீரெனக் கூடுதல். இவை சேர்ந்து வந்தால் வைத்தியரைக் கூப்பிடுவது, ஒட்சிசன், நாளத்தில் ஊசிக்குழாய் போடுவது, ஈ.சி.ஜி. எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின் கொடுக்கக் கூடாது, அது புரதத்தோடு ஒட்டியிருக்கும் தைரொட்சினை விடுவித்துக் குருதியில் கட்டற்ற ஹோர்மோனைக் கூட்டும். உடம்பைத் துடைக்கும்போதும் ஐஸ் தண்ணீர் வேண்டாம், நடுக்கம் வந்தால் சூடு இன்னும் ஏறும். வைத்தியர் அயடீன் எழுதினால் ஹோர்மோன் தடுப்பு மருந்து கொடுத்து குறைந்தது ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். முந்திக் கொடுத்தால் அந்த அயடீனே புதிய ஹோர்மோனுக்கு மூலப்பொருளாகிவிடும்.

தூண்டும் காரணங்களாகத் தொற்று, சத்திர சிகிச்சை, பிரசவம், குளிசையைத் திடீரென நிறுத்துதல் என்று எழுதுங்கள். சுரப்பியை அழுத்தித் தடவுவதும் அதில் ஒன்று. பயிற்சி வாட்டில் கழுத்து வீக்கம் என்றால் மாணவர்கள் வரிசையில் வந்து ஆளுக்கொரு தடவை பிடித்துப் பார்ப்பார்கள். ஹோர்மோன் கட்டுப்படாத நோயாளியிடம் அதை மரியாதையாகத் தடுப்பதும் தாதியின் வேலைதான்.

---

கொழுந்துக்கூடை:

ஒன்று விடுபட்டிருக்கிறது: நோயையும் மருந்தையும் பற்றிய அறிவுக் குறைபாடு. வீட்டுக்கு அனுப்பும் நாளில் எழுதாமல் இன்றே தொடங்குங்கள்.

கார்பிமசோல் எடுப்பவருக்குத் தொண்டை நோ, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் அன்றே வைத்தியசாலைக்கு வந்து குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும், வெண்குழியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம். முதல் மூன்று மாதம் கூடிய கவனம். எங்கள் பக்கத்துக் குளிரில் தொண்டை நோ என்பது யாரும் பெரிதாக எடுக்காத விஷயம், கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு மலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே 'பக்கவிளைவு இருந்தால் வாருங்கள்' என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. 'தொண்டை நோவுனா என்ன செய்வீங்க?' என்று கேட்டு, அவர் வாயால் சரியாகச் சொல்லும்வரை விடாதீர்கள். அவர் சொன்ன பதில்தான் உங்கள் மதிப்பீட்டில் எழுதும் ஆதாரம். தோட்ட மருந்தகத்தில் காட்டுவதற்கு, கார்பிமசோல் எடுக்கிறார் என்று ஒரு துண்டில் எழுதி வைத்தியரின் கையொப்பத்தோடு கொடுக்கச் செய்யுங்கள்.

கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டீர்களா? 42 வயதுதான். கர்ப்பம் என்றால், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், மருந்தையே மாற்ற வேண்டி வரும். மாதவிடாய் ஒழுங்கற்றுப் போவது இந்த நோயிலும் வரும் என்பதால், வரவில்லை என்றதை நோயின் கணக்கில் போட்டுவிட்டுப் பரிசோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மருந்து உறையில் இருக்கும் எழுத்து அவரால் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை என்று வரைந்து கொடுங்கள். புரோப்ரனலோலால் படபடப்பு அடங்கியதும் சுகமாகிவிட்டது என்று இரண்டையும் நிறுத்திவிடுவார்கள். கார்பிமசோல் வழமையாக 12 முதல் 18 மாதம் என்பதை கணவர் அல்லது பிள்ளைகளையும் வைத்துச் சொல்லுங்கள். அப்படியே, எரிச்சலும் கோபமும் நோயால் வந்தது, குணம் மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் அது பெரிய ஆறுதல்.

கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும். அதனால்தான் கிளினிக் தவறுகிறது, அக்கறை இல்லாமல் இல்லை. மருத்துவச் சான்றிதழும், செங்குத்து மலைக்குப் போகாமல் சில கிழமை இலேசான வேலை கொடுக்கும்படி ஒரு கடிதமும் வெளியேறும் முன்பே வாட்டு வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். அதைச் செயல் நிரலில் ஒரு வரியாகவே எழுதுங்கள்: 'வெளியேறுவதற்கு முந்திய நாள், காலை ரவுண்டில்.' அன்று மத்தியானம் கேட்டால் வைத்தியர் தியேட்டரிலோ வேறு வாட்டிலோ இருப்பார், அம்மா பஸ்ஸுக்குப் போய்விடுவார்.